ஹீட்டரில் காற்று வருகிறது, சூடு வரவில்லை: டேஷ்போர்டைக் கழற்றும் முன் இரண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி இதுதான்: இருபது வருஷத்துக்கும் மேல் ஓடிய பெட்ரோல் கார். ஹீட்டரைப் போட்டால் காற்று நன்றாக வருகிறது, சூடு மட்டும் இல்லை. வேகமாக ஓட்டும்போது கொஞ்சம் வெதுவெதுப்பு தெரிகிறது, சிக்னலில் நின்றால் மறுபடி குளிர்காற்று. வண்டியைப் பார்த்த மெக்கானிக், ஹீட்டர் கோர் அடைத்துவிட்டது, டேஷ்போர்டை முழுசாக இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

இப்போது வேண்டாம். கோர் அடைத்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடும்போது சூடு, நின்றால் குளிர் என்று நீங்களே சொல்லியிருப்பது கோரைவிட கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவையோ, அதற்குள் மாட்டிக்கொண்ட காற்றையோ, அதைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பையோதான் அதிகம் காட்டுகிறது. இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் பாதிக்கப்படப் போவது ஹீட்டர் மட்டும் இல்லை, எஞ்சின். கூலன்ட் குறைந்துகொண்டே வரும் பல கார்களில் முதலில் கைவிடுவது ஹீட்டர்தான். டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போவதெல்லாம் அதற்கு வெகு நாள் கழித்து. அதனால் குளிர்காற்றை ஒரு சொகுசுக் குறையாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள், அதே சமயம் அவசரப்பட்டுப் பெரிய வேலையிலும் இறங்காதீர்கள்.

ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். இந்த மாதிரிக் கார்களில் சூடு உண்டாக்கத் தனியாக எந்தக் கருவியும் கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் கூலன்ட்டில் ஒரு பங்கு இரண்டு ஹோஸ் வழியாக ஃபயர்வாலை, அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரை, தாண்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் போகிறது. அங்கே ஒரு செங்கல் அளவில் குட்டி ரேடியேட்டர் இருக்கும், அதுதான் ஹீட்டர் கோர். புளோயர் அதன் மேல் காற்றை அடிக்கிறது, காற்று சூடாகி உங்களிடம் வருகிறது. அவ்வளவுதான். ஆகவே குளிர்காற்று வந்தால், ஒன்று எஞ்சினில் சூடான கூலன்ட்டே இல்லை, அல்லது இருந்தும் கோருக்குள் வரவில்லை, அல்லது கோர் கொதித்துக்கொண்டிருக்கிறது ஆனால் காற்று அதைத் தொடாமல் வேறு வழியில் போகிறது. இதில் எது என்று கண்டுபிடிக்க ஒரு பாகமும் வாங்க வேண்டியதில்லை.

முதல் வேலை காலையில், எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்கும்போது. கூலன்ட் அளவைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் கோடு வரை இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள், இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பழைய கார்களில் அந்த டப்பா வெறும் உபரிச் சேமிப்புதான். எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டருக்குள் ஏற்படும் வெற்றிடம் டப்பாவிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ, டப்பாவுக்குப் போகும் சின்ன டியூபில் ஓட்டை இருந்தாலோ அது இழுக்காது. டப்பா நிறைந்து நிற்கும், ரேடியேட்டர் பாதி காலியாக இருக்கும். அதனால் ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள், கழுத்து வரை இருக்க வேண்டும். சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, அழுத்தம் தாங்கும் டேங்கில்தான் மூடி இருக்கும். அங்கே டேங்கின் அளவே நிஜமான அளவு.

சூடான எஞ்சினில் இந்த மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பீய்ச்சும். துணியைப் போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள், விறைப்பாகவும் சூடாகவும் இருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம்.

அளவு சரி என்று வைத்துக்கொள்வோம். மூடியைப் போட்டுவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், புளோயரை நடு வேகத்தில் விடுங்கள், எஞ்சின் வழக்கமான சூட்டுக்கு வரும் வரை ஓடட்டும். முள் எங்கே போய் நிற்கிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்பக்கம் ஃபயர்வாலுக்குள் நுழையும் அந்த இரண்டு ஹோஸையும் தேடுங்கள். கட்டைவிரல் தடிமனில் பக்கத்துப் பக்கத்தில் போகும். சட்டைக் கையை மடக்கிவிட்டு, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளியே கையைக் கொண்டுபோங்கள். சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் எஞ்சினை நிறுத்திய பிறகும் திடீரென்று சுற்றும். முதலில் விரல் நுனியால் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். நல்ல ஹீட்டரில் உள்ளே போகும் ஹோஸ் பிடித்துக்கொண்டிருக்க முடியாத அளவு சுடும், வெளியே வரும் ஹோஸும் சுடும், ஆனால் ஒரு படி குறைவாக. இந்தச் சின்ன வித்தியாசம்தான் கோர் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இரண்டும் நன்றாகச் சுடுகிறது, உள்ளே மட்டும் குளிர்காற்று என்றால் உங்களுக்குக் கூலன்ட் பக்கம் வேலையே இல்லை. பிரச்சினை டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் கதவில். குளிர்காற்றையும் சூடான காற்றையும் கலக்க ஒரு தட்டு உள்ளே ஆடும். பழைய கார்களில் அதைக் கேபிள் இழுக்கும், சிலவற்றில் எஞ்சின் வெற்றிடத்தால் இயங்கும் டயஃப்ரம், கொஞ்சம் பிந்திய மாடல்களில் குட்டி மோட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஆனில் வைத்து, அமைதியான இடத்தில் லீவரைக் குளிரிலிருந்து சூட்டுக்கு நகர்த்துங்கள். கதவு ஓரத்தில் போய் முட்டும் மெல்லிய ‘தட்’ சத்தம் கேட்க வேண்டும். கேபிள் வண்டியில் லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கொழகொழவென்று நகர்ந்தால் கேபிள் கழன்றிருக்கிறது. பெரும்பாலும் கேபிளின் வெளியுறையைப் பிடிக்கும் கிளிப் உடைந்திருக்கும், பாசஞ்சர் பக்கம் காலடியில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாலே தெரியும். மோட்டார் உள்ள வண்டியில் டக்-டக்-டக் என்று பல் நழுவும் சத்தம் கேட்டால் உள்ளே பிளாஸ்டிக் கியர் போய்விட்டது. வெற்றிடத்தில் இயங்கும் வண்டியை மட்டும் எஞ்சின் ஓடும்போது சோதியுங்கள், நிறுத்திய எஞ்சினில் வெற்றிடம் இருக்காது. அதில் வெடித்துப் போன ரப்பர் டியூபைத்தான் முதலில் தேட வேண்டும். இன்னொன்று, வென்ட்டிலிருந்து கறுப்பாகப் பஞ்சுத் துணுக்குகள் பறந்து வந்திருக்கின்றனவா? அது கதவில் ஒட்டியிருந்த ஃபோம். வயதாகி உதிர்ந்துவிட்டால் சில கார்களில் கதவுத் தகட்டில் இருக்கும் துளைகள் திறந்துகொள்ளும், கதவு மூடியிருந்தாலும் குளிர்காற்று கலக்கும்.

ஒரு ஹோஸ் சுடுகிறது, மற்றொன்று வெறும் வெதுவெதுப்பு அல்லது குளிர்ச்சி என்றால் வழியில் அடைப்பு. ஆனால் அடைப்பு என்றதும் கோர் என்று முடிவு கட்டாதீர்கள். பல கார்களில் உள்ளே போகும் ஹோஸின் நடுவில் ஒரு ஹீட்டர் வால்வு இருக்கும். யாரையாவது உள்ளே உட்காரவைத்து லீவரை நகர்த்தச் சொல்லிவிட்டு, வால்வின் கை அசைகிறதா என்று பாருங்கள். கோடை முழுக்க அசையாமல் கிடந்த வால்வு அப்படியே இறுகிப்போவது சகஜம். வால்வு வரை சூடு வந்து, அதைத் தாண்டிக் குளிர்ந்திருந்தால் குற்றவாளி அதுதான், கோரை மாற்றுவதோடு ஒப்பிட்டால் அதை மாற்றுவது சின்ன வேலை. வால்வைத் தாண்டியும் சூடாக இருந்து, திரும்பி வரும் ஹோஸ் மட்டும் குளிர்ந்திருந்தால்தான் கோர் மேல் சந்தேகம் வலுக்கிறது.

அப்போதும் முதலில் கழுவிப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு ஹோஸையும் ஃபயர்வால் ஓரத்தில் கழற்ற வேண்டும். பழைய ஹோஸ் கோரின் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும், பிடித்து இழுக்கவோ முறுக்கவோ செய்யாதீர்கள். அந்தக் குழாய் மெல்லிய தகடு, பழைய கோர்களில் ஈயப் பற்றுதான் பிடித்துக்கொண்டிருக்கும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். ஹோஸ் போனால் போகட்டும், புதுசு போட்டுக்கொள்ளலாம். பிறகு கூலன்ட் வெளியே வரும் பக்கத்திலிருந்து, அதாவது வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், தோட்டத்துக்கு நீர் விடும் குழாயால் மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். மறுபக்கத்தை ஒரு பக்கெட்டில் பிடியுங்கள். முதலில் காபி நிறத்தில், துருச் செதில்களோடு வரும். பிறகு வெளுக்கும். திசையை மாற்றி மாற்றி, இரண்டு பக்கமும் தெளிவாக வரும் வரை விடுங்கள். கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் அடிப்பவர்கள் உண்டு, கோர் கிழிந்து உள்ளே கார்ப்பெட்டெல்லாம் நனைந்துவிடும். பக்கெட்டில் விழுந்ததை வடிகாலில் ஊற்றாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், ருசி இனிப்பு, நாயும் பூனையும் நக்கிவிடும். மூடி வைத்து, பழைய கூலன்ட்டை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.

கோர் ஏன் அடைக்கிறது என்பதற்கு இரண்டு காரணங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒன்று, வருஷக்கணக்காக வெறும் தண்ணீரில் ஓட்டியது. கூலன்ட் என்பது உறையாமல் இருக்க மட்டும் அல்ல, உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. இன்னொன்று, கசிவை அடைக்கும் பொடி. ரேடியேட்டர் ஓட்டையை அடைக்கப் போட்டது, அதைவிட மெல்லிய வழிகள் உள்ள ஹீட்டர் கோரையும் சேர்த்து அடைத்துவிடுகிறது.

இரண்டு ஹோஸும் சரியாகச் சுடவில்லை என்றால் முள்ளைப் பாருங்கள். வெகு நேரம் ஓடிய பிறகும், குறிப்பாக நெடுஞ்சாலையில், முள் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது. எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருந்து, பொதுவாக 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்க வேண்டிய கதவு அது. சோதிக்க எளிய வழி, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸில் கையை வைத்திருப்பது. பெரும்பாலான கார்களில் அது மேல் ஹோஸ். பல நிமிஷம் குளிர்ந்தே இருந்து, அப்புறம் சட்டென்று சூடு பாய வேண்டும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் மூடவில்லை. கழற்றியதைப் பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடியைத் தொடாமல், தெர்மாமீட்டரோடு சூடாக்கிப் பார்த்தால் எத்தனை டிகிரியில் வாய் திறக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். அதன் மேலேயே டிகிரி எண் பொறித்திருக்கும். கழற்றப் போகும்போது அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு! எஞ்சின் குளிர்ச்சியாக ஓடட்டும் என்று முன்பு யாரோ எடுத்துப் போட்டிருப்பார்கள். அது நல்லதல்ல. குளிர்ந்தே ஓடும் எஞ்சின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேரும், தேய்மானம் கூடும். புதுசு வாங்கிப் போட்டுவிடுங்கள்.

முள் சரியாக நடுவில் இருக்கிறது, ஹோஸ்கள் மட்டும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது) வெதுவெதுப்பு, மிதித்து நிமிஷத்துக்கு 2,000, 2,500 சுற்றுக்கு ஏற்றினால் சூடாகிறது என்றால், அதுதான் நீங்கள் சொன்ன கதை. கூலன்ட் சுற்றும் பாதையில் கோர் பெரும்பாலும் உயரமான இடத்தில் இருக்கும். கூலன்ட் குறைந்தால் காற்று போய் நிற்பது அங்கேதான். பம்ப் வேகமாகச் சுற்றும்போது கொஞ்சம் கூலன்ட்டைத் தள்ளிவிடும், ஐடிலில் அந்தத் தெம்பு போதாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடை சலசலப்பது போல் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள், கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

காற்றை வெளியேற்றப் பொறுமை வேண்டும். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு ஏற்றத்தில் நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுத்துச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து (வால்வு திறந்திருந்தால்தான் கோரின் காற்று வெளியே வரும்), கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் கலக்காத கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி, இந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ஏற்கெனவே உள்ள வகையையே ஊற்றுங்கள், நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், வேறு வகை கலந்தால் சில சமயம் கூழாகிவிடும். இனி ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஹோஸ்களை இடையிடையே அமுக்கி அமுக்கி விடுங்கள், கழுத்தில் குபுக் குபுக்கென்று குமிழி வரும். தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் அளவு திடீரென்று இறங்கும், உடனே ஊற்றி நிரப்புங்கள். காற்று எடுக்கும் ஸ்க்ரூ உள்ள கார் என்றால் அதைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும் வரை விட்டு இறுக்குங்கள். கழுத்தில் கூலன்ட் பொங்கி எழ ஆரம்பித்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒதுங்குங்கள், அந்த நேரத்தில் மூடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். குமிழி நின்று அளவு நிலையானதும் மூடியைப் போட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள், மறுநாள் காலையில் திறந்தால் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். நிரப்புங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிப் பார்த்த பிறகுதான் காற்று முழுக்கப் போய்விட்டதாக நம்புவேன்.

குமிழி நிற்கவே இல்லை, நாள்தோறும் காற்று புதிதாகச் சேர்கிறது என்றால் அது எஞ்சினிலிருந்து வரும் புகைக்காற்றாக இருக்கலாம், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் பிரச்சினை. இதற்கென்று நீல நிறத் திரவம் வைத்து ஒரு சோதனை உண்டு. ரேடியேட்டர் கழுத்தில் வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், பெட்ரோல் எஞ்சினின் புகை இருந்தால் மஞ்சளாக மாறும். சந்தேகம் இருக்கும்போதே செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் ஹெட்டே வளைந்துவிடும்.

கூலன்ட் நிறைவாக இருக்கிறது, காற்றும் இல்லை, அப்படியும் ஐடிலில் குளிர் என்றால் வாட்டர் பம்ப். இதை நான் அனுபவத்தில் கற்றேன். ஒரு பழைய காரில் இதே அறிகுறிக்கு, கோர்தான் என்று சொன்னவரை நம்பி நானே டேஷ்போர்டை இறக்கினேன். இரண்டு நாள் வேலை. புதுக் கோர் போட்டு எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் செய்தால் அதே குளிர்காற்று. கடைசியில் பம்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது. தகட்டு இறக்கைகள் இருந்த இடத்தில் ஓரம் அரித்துப் போன பிசிறுகள், நகத்தால் அழுத்தினால் உதிர்கிறது. முந்தைய சொந்தக்காரர் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார். குளிர்காலமாக இருந்ததால் எஞ்சின் தப்பித்தது, கோடையில் அந்த வண்டியை ஓட்டியிருந்தால் நடுவழியில் வெந்துபோயிருக்கும். ஃபயர்வால் பக்கம் கையை நீட்டி ஹோஸைத் தொட்டுப் பார்க்க எனக்கு அன்று அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஆனால் அதைச் செய்யச் சொல்ல யாரும் இல்லை.

காற்றே வராதவர்களுக்கு இரண்டு வரி: ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் புளோயருக்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும். எல்லா வேகத்திலும் இல்லாமல் உச்ச வேகத்தில் மட்டும் ஓடினால் புளோயரின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது. காற்று ரொம்ப மெலிதாக வந்தால், வண்டியில் கேபின் ஃபில்டர் இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போல எஞ்சினைக் காற்றாலேயே குளிர்விக்கும் கார் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே சூடு வருவது சைலன்ஸர் பக்கத்துப் புகைக்குழாயைச் சுற்றிய பெட்டிகளிலிருந்து. அவை துருப்பிடித்தால் புகை கேபினுக்குள் வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதில் சந்தேகம் என்றால் ஹீட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கோரை நிஜமாகவே மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. பாசஞ்சர் காலடிக் கார்ப்பெட் ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கிறது, உள்ளே இனிப்பு வாசனை, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பூச்சு போல் படிகிறது என்றால் கோர் கசிகிறது, அதைக் கழுவிப் பயனில்லை. வேலைக்கு நேரம் கிடைக்கும் வரை இரண்டு ஹோஸையும் ஃபயர்வாலுக்கு வெளியே ஒன்றோடொன்று இணைத்துக் கோரை விலக்கிவிட்டு ஓட்டலாம், ஆனால் கண்ணாடியின் பனிமூட்டத்தைப் போக்கச் சூடு இருக்காது என்பதை மனதில் வைத்து, பனி கொட்டும் காலையில் வண்டியை எடுக்காதீர்கள். டேஷ்போர்டை இறக்கும் அன்று, கோரோடு சேர்த்து ஹோஸ்கள், அவற்றின் கிளிப்கள், கோர் குழாயின் ஓ-ரிங், கதவின் ஃபோம் எல்லாவற்றையும் புதுசாகப் போட்டுவிடுங்கள். கதவை மோட்டார் இயக்கும் வண்டி என்றால் அதையும் அப்போதே சோதித்துவிடுங்கள், பூட்டிய பிறகு அங்கே கை போகாது.